வேலிக்குள் வேட்டை



வேட்டை என்ற சொல்லைக் கேட்டதும் நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவுக்கு வருபவன் வல்வில் ஓரி. கொல்லிமலையை ஆண்ட இந்தக் குறுநில மன்னன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்து விலங்குகளைத் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கின்போது செம்மேட்டில் அரசே அவனுக்கு விழா எடுக்கிறது. அந்தப் பாடல் மிகையா உண்மையா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். ஒன்று மட்டும் தெளிவு. ஓரி நுழைந்த காட்டுக்கு வேலி கிடையாது. அந்த யானை அவனை மிதித்திருக்கலாம். அந்த மான் தப்பி ஓடியிருக்கலாம். அவன் வெறுங்கையோடு மலையிறங்கியிருக்கலாம்.

இன்று உலகின் சில பகுதிகளில் வேறு ஒரு வேட்டை நடக்கிறது. அங்கே விலங்கைச் சுற்றி உயரமான கம்பி வேலி இருக்கிறது. அதற்குத் தீவனம் போடப்படுகிறது. விலைப்பட்டியல் தயாராக இருக்கிறது. பணம் கட்டியவர் வந்து சுடுகிறார், படம் எடுத்துக்கொள்கிறார், கறியைக் குளிர்பெட்டியில் வைத்து வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். இது சரியா, தவறா? எங்கோ நடக்கும் இந்தச் செயலைப் பற்றிச் சேலத்திலும் நாமக்கல்லிலும் வாழும் நாம் ஏன் யோசிக்க வேண்டும்? யோசித்துப் பார்த்தால், இந்தக் கேள்வி நம் வீட்டு அடுப்படி வரை வந்து நிற்பதை உணர்வோம்.

நம் மான்கள், அவர்கள் வேலி

முதலில் செய்தியைப் பார்ப்போம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேலியிட்ட தனியார் வேட்டைப் பண்ணைகள் ஏராளம். அங்கே சுடப்படும் விலங்குகளில் பல நம் நாட்டைச் சேர்ந்தவை. கோடியக்கரையிலும் கிண்டியிலும் நாம் காணும் வெளிமான், குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் நம் பிள்ளைகள் பார்த்து மகிழும் புள்ளிமான், வட இந்தியச் சமவெளியின் நீல்காய் ஆகிய மூன்றும் 1920-களிலும் 1930-களிலும் அங்கே கொண்டுபோய் விடப்பட்டுப் பெருகியவை. வெளிநாட்டு விலங்கு என்பதால் அவற்றுக்கு வேட்டைப் பருவம் என்று ஒன்று இல்லை. நில உரிமையாளர் சம்மதித்தால் ஆண்டு முழுவதும் சுடலாம்.

இதே வெளிமானை இந்தியாவில் ஒருவர் சுட்டால் சிறைக்குப் போக வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒரே மான் இங்கே சட்டத்தின் காவலில் இருக்கிறது, அங்கே விலைப்பட்டியலில் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் 1991-இல் வந்த ஒரு சட்டம், தக்க வேலி போட்டவருக்கே வேலிக்குள் உள்ள காட்டு விலங்கு சொந்தம் என்று உறுதி செய்தது. அதன்பின் ஆயிரக்கணக்கான பண்ணைகள் வேலி போட்டு மான் வகைகளை வளர்க்கத் தொடங்கின. சிங்கத்தையும் குட்டியிலிருந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்து, பெரிதானதும் அடைப்புக்குள் விட்டுச் சுட வைக்கும் கொடுமை நடந்தது. 1997-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒன்று அதைப் படம் பிடித்துக் காட்டியபோது உலகமே அதிர்ந்தது. சிங்கங்களை அடைத்து வளர்க்கும் தொழிலைப் படிப்படியாக முடிவுக்குக் கொண்டுவரும் கொள்கைக்கு அந்நாட்டு அமைச்சரவை 2024-இல்தான் ஒப்புதல் அளித்தது.

இரு தரப்பு வாதங்கள்

நியாயம் பேசுகிறவன் இரு பக்கமும் கேட்க வேண்டும். வேலி வேட்டையை ஆதரிப்பவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை.

முதலாவதாக, அந்த மான் சாகும் நாள் வரை புல்வெளியில் மேய்கிறது, மரநிழலில் படுக்கிறது, குட்டி போடுகிறது. லாரியில் நெருக்கி ஏற்றப்படுவதில்லை. இறைச்சிக்கூடத்தின் இரத்த வாடையை முகர்ந்து நடுங்குவதில்லை. குறி தவறாத ஒரு குண்டு, அவ்வளவுதான். சில இடங்களில் கேளிக்கைக்காக அல்லாமல் விற்பனைக்கான இறைச்சிக்காகவே, அரசு ஆய்வாளர் உடனிருக்க, தொலைவிலிருந்து ஓசை அடக்கிய துப்பாக்கியால் சுடுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் மான்கூட மிரளுவதில்லை என்கிறார்கள்.

இரண்டாவதாக, விலை இருப்பதால்தான் அந்த விலங்குகள் காப்பாற்றப்படுகின்றன என்கிறார்கள். இதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பாகிஸ்தானில் வெளிமான் முற்றிலும் அழிந்துபோனது. அங்கே மீண்டும் அதை வளர்க்க 1970-களை ஒட்டிய ஆண்டுகளில் மான்கள் வந்தது டெக்சாஸிலிருந்துதான்.

எதிர்த் தரப்பின் வாதமும் வலுவானது. வேட்டை என்றால் விலங்குக்குத் தப்பிக்க ஒரு வழி இருக்க வேண்டும். இதைச் சொல்பவர்கள் சைவ உணவுக்காரர்கள் அல்லர், வேட்டைக்காரர்களே. தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய அமெரிக்க வேட்டைக்காரர் சங்கம், வேலிக்குள் சுடப்பட்ட விலங்கைத் தன் சாதனைப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. அதே ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 1902-இல் மிசிசிப்பி காட்டில் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்து, சுடுங்கள் என்று அவரை அழைத்தார்கள். கட்டிப்போட்ட விலங்கைச் சுடுவது இழிவு என்று அவர் மறுத்துவிட்டார். காயம்பட்ட கரடியின் வேதனையைத் தீர்க்கச் சொல்லிவிட்டு நகர்ந்தார். நம் குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கும் 'டெடி' கரடி பொம்மைக்குப் பெயர் வந்தது அந்த நிகழ்ச்சியால்தான்.

ஆக, வேலிக்குள் சுடுவது வேட்டை அன்று. அது பண்ணை விலங்கை அறுப்பதுதான். அறுப்பது பாவமா என்பது ஒரு கேள்வி. அறுப்பதை வீரம் என்று சொல்லி விற்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஈசாக்கின் தட்டில் இருந்தது என்ன?

தொடக்கநூல் 27-ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். முதியவரான ஈசாக்கு வேட்டைக் கறிக்கு ஆசைப்படுகிறார். மூத்த மகன் ஏசா வில்லை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறான். அதற்குள் ரெபேக்கா மந்தையிலிருந்து இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகளைக் கொண்டுவரச் செய்து, வேட்டைக் கறி போலவே சமைத்து, யாக்கோபின் கையில் கொடுத்து அனுப்புகிறார். பார்வை மங்கிய தந்தை அதையே வேட்டைக் கறி என்று நம்பி உண்கிறார். குட்டிகளின் தோல் யாக்கோபின் கைகளில் ஏறி இன்னொரு பொய்யையும் சொல்கிறது.

வேலி வேட்டை என்பது ஈசாக்கின் தட்டுதான். மந்தைக் கறி, வேட்டைக் கறி என்ற பெயரில் பரிமாறப்படுகிறது. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. ஈசாக்குக்குக் கண் தெரியவில்லை. பணம் கட்டிச் சுடுகிறவருக்கு நன்றாகவே தெரியும்.

விலங்கை உண்பது பற்றி விவிலியம் என்ன சொல்கிறது? படைப்பின் தொடக்கத்தில் மனிதருக்கும் விலங்குகளுக்கும் உணவாகக் கொடுக்கப்பட்டது செடிகொடிகளும் கனிகளும்தான் (தொநூ 1:29-30). வெள்ளப்பெருக்குக்குப் பிறகே நோவாவுக்கு இறைச்சி அனுமதிக்கப்படுகிறது. அப்போதும் இரத்தத்தோடு உண்ணக் கூடாது என்ற வரம்பு உடனே விதிக்கப்படுகிறது (தொநூ 9:3-4). அனுமதியும் வரம்பும் ஒன்றாகவே வந்தன என்பதை நாம் மறந்துவிடுகிறோம். உயிர் கடவுளுடையது, உனக்குக் கொடுக்கப்பட்டது உணவு மட்டுமே என்பது அதன் பொருள்.

வேட்டைக்காரனுக்கும் ஒரு விதி உண்டு. வேட்டையாடிப் பிடித்த விலங்கின் இரத்தத்தைத் தரையில் ஊற்றி மண்ணால் மூட வேண்டும் என்கிறது லேவியர் நூல் (லேவி 17:13). இறந்தவரை அடக்கம் செய்வதைப் போன்ற ஒரு மரியாதை அது. இரத்தத்தின்மேல் காலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் இன்றைய பழக்கத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

ஓய்வுநாள் ஓய்வு மாட்டுக்கும் கழுதைக்கும் உண்டு (விப 23:12). போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டாதே (இச 25:4). கூட்டில் குஞ்சுகளோடு தாய்ப்பறவையைக் கண்டால் தாயைப் போகவிடு (இச 22:6-7). நல்லவர் தம் கால்நடையின் தேவையை அறிவார் (நீமொ 12:10). நினிவே நகரைக் கடவுள் தப்பவிட்டபோது அங்கிருந்த கால்நடைகளையும் எண்ணிப் பார்த்தார் (யோனா 4:11). இறைச்சி உண்ணாதே என்று இந்த வசனங்களில் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அது உன் பொருள் மட்டும்தான், நீ நினைத்தபடி நடத்தலாம் என்றும் எதுவும் சொல்லவில்லை.

திருச்சபையின் போதனையும் இதே பாதையில்தான் செல்கிறது. உணவுக்காகவும் உடைக்காகவும் விலங்குகளைப் பயன்படுத்துவது முறையானதே, ஆனால் தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்லுவதும் மனித மாண்புக்கே எதிரானது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது (எண்கள் 2417, 2418). கவனியுங்கள், மனித மாண்புக்கு எதிரானது என்கிறது. அடிபடுவது விலங்கு, சிறுமைப்படுவது மனிதன். 1215-ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கம் குருக்கள் வேட்டையாடுவதைத் தடை செய்தது. 1567-இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் காளைச் சண்டைக் கேளிக்கைகளைக் கண்டித்து ஆணை பிறப்பித்தார். 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், மற்ற உயிர்களுக்கு நம் பயன்பாட்டைக் கடந்த, கடவுளின் பார்வையில் சொந்தமான ஒரு மதிப்பு உண்டு என்று எடுத்துரைத்தார்.

நம் ஊர் வேலிகள்

சரி, டெக்சாஸையும் தென்னாப்பிரிக்காவையும் குறை சொல்லிவிட்டோம். நம் ஊருக்கு வருவோம்.

கொங்கு மண்ணுக்கு வேலி புதிதன்று. கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரங்களையும் வளர்த்து, ஆடுமாடுகளைத் திறந்துவிடுவது நம் முன்னோர் கண்ட முறை. அந்த வேலி விலங்குக்குப் பகை அன்று. நரி வராமல் காத்தது, பயிரில் மேயாமல் தடுத்தது. நல்ல ஆயனைப் பற்றி ஆண்டவர் பேசும்போதும் ஆட்டுக்கொட்டிலும் வாயிலும் வருகின்றன (யோவா 10). வேலி பாவம் அல்ல. யாருக்காக அந்த வேலி என்பதே கேள்வி. ஓநாயிடமிருந்து ஆட்டைக் காக்கும் வேலியும் உண்டு, துப்பாக்கிக்காக மானைப் பிடித்துவைக்கும் வேலியும் உண்டு.

நம் பகுதியில் வேறு ஒரு வேலியையும் பார்த்தோம். ஈமு கோழியை மறந்துவிட்டோமா? ஆஸ்திரேலியாவின் அந்த நெட்டைப் பறவையைக் கம்பி வலைக்குள் வளர்த்தால் கறிக்கும் எண்ணெய்க்கும் இறகுக்கும் நல்ல விலை கிடைக்கும் என்று விளம்பரங்கள் சொல்லின. பணம் கட்டினால் குஞ்சுகளும் கொட்டகையும் கொடுத்து, மாதந்தோறும் பராமரிப்புப் பணமும் தருவதாக நிறுவனங்கள் வாக்களித்தன. ஈரோடு, கோவை, சேலம், நாமக்கல் பகுதிகளில் எத்தனையோ குடும்பங்கள் நகையை அடகு வைத்துப் பணம் போட்டன. 2012 ஆகஸ்டில் பெருந்துறையின் சுசி ஈமு நிறுவனம் சரிந்தது. பணம் போட்டவர்கள் காவல் நிலையத்தில் வரிசையில் நின்றார்கள். செய்தித்தாள்கள் அதைத்தான் பெரிதாக எழுதின. ஆனால் வலைக்குள் நின்ற ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு யார் தீனி போட்டார்கள்? பல பறவைகள் பட்டினியால் வாடின. கடைசியில் அரசின் கால்நடைத்துறை தலையிட வேண்டியதாயிற்று. இந்த மண்ணுக்குச் சொந்தமில்லாத அவற்றைக் காட்டிலும் விட முடியாது, சந்தையிலும் வாங்க ஆளில்லை. விலையை மட்டும் பார்த்து வளர்த்த உயிர், விலை போனதும் என்ன ஆகும் என்பதை நம் கண்ணெதிரே காட்டிய பாடம் அது. விலை இருந்தால் விலங்கு பிழைக்கும் என்ற வாதத்துக்கு மறுபக்கமும் இதுவே.

இப்போது நமக்கு மிக நெருக்கமான வேலிக்கு வருவோம். நாமக்கல் முட்டை நகரம். நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் இங்கிருந்து கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகின்றன. இந்தத் தொழிலை நான் குறைத்துப் பேச மாட்டேன். வானம் பார்த்த பூமியில் வேலை கொடுத்தது இந்தத் தொழில். லாரிப் பட்டறையும் கோழிப் பண்ணையும் இல்லாத நாமக்கல்லை நினைத்துப் பார்க்க முடியுமா? 1989-இல் சத்துணவில் இரு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கிய முட்டை, 2010-இல் வாரத்துக்கு ஐந்து ஆனது. ஏழைக் குழந்தையின் தட்டில் விழும் அந்த முட்டை வெறும் வியாபாரம் அன்று.

ஆனாலும் அந்த முட்டையை இடும் கோழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கூண்டில் இருக்கிறது. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகள் ஒரு கோழிக்குக் கேட்ட குறைந்த இடம் 550 சதுர சென்டிமீட்டர். நாம் விண்ணப்பம் எழுதும் ஒரு ஏ4 தாளின் பரப்பு சுமார் 620 சதுர சென்டிமீட்டர். அதாவது ஒரு தாளைவிடச் சிறிய இடத்தைக் கொடுப்பதே சீர்திருத்தம் என்ற நிலை! அந்த இடத்தில் அது இறக்கையை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது, முட்டையிட ஒதுங்கி மறைவிடம் தேட முடியாது. ஒன்றையொன்று கொத்தாதிருக்க அலகு நறுக்கப்படுகிறது. ஆண்டுக்குச் சுமார் 300 முட்டை இட்டு, ஒன்றரை வயது தாண்டியதும் கழிக்கப்பட்டுக் கறிக்குப் போகிறது. முட்டையிடாத சேவல் குஞ்சுகள் பொரித்த அன்றே வேண்டாதவை ஆகின்றன. நம் திருவிழாக் கடைகளில் பச்சை, சிவப்பு, நீலச் சாயம் பூசி விற்கப்படும் குஞ்சுகள் பெரும்பாலும் அவைதான். குழந்தை கேட்கிறது என்று வாங்கிக் கொடுக்கிறோம். மூன்றாம் நாள் அது அட்டைப் பெட்டியில் செத்துக் கிடக்கிறது.

கறிக்கோழியின் கதை இன்னும் சுருக்கம். சுமார் 40 நாளில் 2 கிலோ. அந்த வேகத்தில் கூடும் எடையைப் பல பறவைகளின் கால்கள் தாங்குவதில்லை. நிறுவனம் குஞ்சும் தீவனமும் தருகிறது. விவசாயி கொட்டகையும் கரண்டும் உழைப்பும் தந்து, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வாங்குகிறார். அந்தக் கூலி கட்டவில்லை என்று அவர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். வேலிக்குள் இருப்பது கோழி மட்டும்தானா என்ற கேள்வியும் எழத்தான் செய்கிறது.

1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே, விலங்கு நியாயமாக அசையக்கூட இடமில்லாத கூண்டில் அடைப்பதைக் குற்றம் என்கிறது. இந்திய சட்ட ஆணையம் 2017-இல் தன் 269-ஆவது அறிக்கையைக் கோழி வளர்ப்பு நிலைமைக்காகவே அளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் பழைய வெறுங்கூண்டுகளைத் தடை செய்துவிட்டது. பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் இராட்சிங்கர், 2000-இல் நூலாக வெளிவந்த ஓர் உரையாடலில், கோழிகளை நெருக்கியடைத்துப் பறவை என்ற உருவத்தையே கேலிக்கூத்தாக்கும் முறை விவிலியம் காட்டும் உறவுக்கு முரணானது என்று கருத்துச் சொன்னார். வேலிக்குள் சுடப்படும் மானுக்காகக் கண்ணீர் விடும் முன் இதை நாம் நினைக்க வேண்டும்.

நான்கு கேள்விகள்

ஒரு விலங்கைக் கொன்று உண்பது நெறியானதா என்று அறிய நான்கு கேள்விகளை வைத்துக்கொள்ளலாம். தேவை இருந்ததா? அது வாழ்ந்த வாழ்வு எப்படிப்பட்டது? அது செத்த விதம் எப்படிப்பட்டது? கொன்றவரின் உள்ளம் எப்படி இருந்தது?

கேளிக்கைக்கான வேலி வேட்டையை முதலில் நிறுத்துவோம். வாழ்வு நன்று. சாவும் பெரும்பாலும் விரைவானது. ஆனால் தேவை இல்லை. ஆயிரக்கணக்கான டாலர் கட்டுபவருக்குப் பசி இல்லை. உள்ளமும் கேட்டது உணவை அன்று, கொல்லும் இன்பத்தையே. நாலில் இரண்டில் தோற்கிறது. அதிலும் உள்ளம் தோற்றால் மற்றவை காப்பாற்றாது. அதே வேலிக்குள், கேளிக்கை ஏதுமின்றி, இறைச்சிக்காக மட்டும் தேர்ந்த ஒருவர் அமைதியாகச் சுடுவதை நான் அவ்வாறு கண்டிக்க மாட்டேன். அது நம் ஊர் ஆட்டுக்கறிக் கடையைவிட இரக்கமானதாகவும் இருக்கலாம்.

அடுத்து, காட்டுப்பன்றி. மலையடிவார விவசாயியின் மரவள்ளியையும் நிலக்கடலையையும் ஒரே இரவில் உழுதுபோட்டுவிடுகிறது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. இங்கே தேவை உண்மையானது. சுடுபவர் கடமையாகச் சுடுகிறார். பட்டாசு வெடித்துக் கொண்டாட ஏதுமில்லை. வருத்தத்தோடு செய்ய வேண்டிய வேலை அது.

மூன்றாவது, நம் மேச்சேரி ஆடு. சேலம் மாவட்டத்தின் பெயரைச் சொல்லும் இனம். பொட்டனேரியில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் உண்டு. வெட்டவெளியில் மேய்ந்து, மேய்ப்பவரின் குரலை அறிந்து வளர்கிறது. நம் பகுதியின் கருப்பனார் கோவில்களில் கிடா வெட்டும் முன் அதன்மேல் மஞ்சள் நீரைத் தெளித்து, அது உடலைச் சிலிர்க்கும் வரை காத்திருப்பார்கள். அந்த வழிபாட்டில் நமக்குப் பங்கில்லை. என்றாலும், கொல்லும் முன் ஒரு கணம் நின்று உத்தரவு கேட்க வேண்டும் என்று எளிய மக்கள் உணர்ந்திருக்கிறார்களே, அதை மதிக்க வேண்டும். பொத்தானை அழுத்திக் கறியை வரவழைக்கும் நாம் யாரிடம் உத்தரவு கேட்கிறோம்?

நான்காவது, கூண்டுக்கோழியும் கறிக்கோழியும். தேவை ஓரளவு உண்டு. ஏழைக்கு மலிவான சத்து இது. ஆனால் வாழ்வு என்ற கேள்வியில் முழுமையாகத் தோற்கிறது. சாவிலும் தோற்கிறது. கால்களைக் கட்டி, இருசக்கர வண்டியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, தார்ச்சாலைச் சூட்டில் கொண்டுபோவதை அன்றாடம் பார்க்கிறோம். உள்ளம்? அங்கே ஒரு வியப்பு இருக்கிறது. வெறுப்பும் இல்லை, கொலை இன்பமும் இல்லை. ஒன்றுமே இல்லை. வேலிக்குள் சுடுபவர் தாம் கொல்வதை அறிந்து கொல்கிறார். நாம் அறியாமலேயே உண்கிறோம். எது பெரிய குறை என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

தாவீதிடம் நாத்தான் சொன்ன கதை நினைவுக்கு வருகிறது (2 சாமு 12). ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கி விருந்து வைத்த பணக்காரன் மேல் அரசருக்கு எவ்வளவு கோபம் வந்தது! அந்த மனிதர் நீரே என்று இறைவாக்கினர் சொன்ன பிறகுதான் அவருக்குக் கண் திறந்தது. தொலைவில் உள்ளவரின் பாவம் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. டெக்சாஸ் பணக்காரர் மேல் நமக்கு வரும் கோபமும் இப்படிப்பட்டதாக ஆகிவிடக் கூடாது.

என்ன செய்யலாம்?

எல்லாரும் சைவத்துக்கு மாறுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரின் மண்ணில் அப்படி வாழ்பவர்களை மதிக்கிறேன். ஆனால் உயிர்த்த ஆண்டவரே சீடர்கள் தந்த மீனை உண்டார் (லூக் 24:42-43). பண்ணையில் கூலிக்கு வேலை செய்யும் சகோதரரையும், கொட்டகைக் கடனைக் கட்ட முடியாமல் தவிக்கும் விவசாயியையும் பாவிகள் என்று சொல்வதும் நீதியாகாது. பொறுப்பு அதிகம் இருப்பது விதிகளை எழுதுபவரிடமும், இலாபத்தின் பெரும்பங்கை எடுப்பவரிடமும், எதையும் கேட்காமல் வாங்கும் நம்மிடமும்.

ஒன்று, சுத்தபோசனத்தை மீட்டெடுப்போம். தவக்கால வெள்ளியில் கறியை விட்டுவிட்டு, ஈஸ்டர் அன்று இரண்டு மடங்காக உண்பது சுத்தபோசனம் ஆகாது. நம் இந்துச் சகோதரர்கள் புரட்டாசி விரதம் தொடங்கியதும் நாமக்கல்லில் முட்டை விலையும் கறிக்கோழி விலையும் இறங்குவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். சாதாரண மக்களின் விரதம் சந்தையையே அசைக்கிறது! நாமும் ஆண்டு முழுவதும் வெள்ளிக்கிழமைகளைக் கடைப்பிடித்தால் என்ன?

இரண்டு, வீணாக்காமல் இருப்போம். பங்குத் திருவிழா அன்னதானத்திலும் திருமண விருந்திலும் இலையோடு குப்பைக்குப் போகும் கறியை எண்ணிப் பாருங்கள். ஓர் உயிரை எடுத்து, அதை உண்ணவும் செய்யாமல் எறிவதற்கு எந்த இறையியலிலும் நியாயம் கிடையாது.

மூன்று, இயன்றவர்கள் கொஞ்சம் கூட விலை கொடுத்து, திறந்தவெளியில் வளர்ந்ததை வாங்குவோம். வீட்டில் பத்து நாட்டுக்கோழி வளர்க்கும் விதவைத் தாயின் முட்டைக்குப் பேரம் பேசாதிருப்போம். எண்ணிக்கை குறையட்டும், மதிப்புக் கூடட்டும்.

நான்கு, நம் திருவிழாக் கடைகளில் சாயக் குஞ்சுகளுக்கு இடம் கொடாதிருப்போம். தலைகீழாகக் கோழியைத் தொங்கவிட்டுக் கொண்டுவரும் கடைக்காரரிடம் கூடையில் கொண்டுவாருங்கள் என்று அன்போடு சொல்வோம். வாங்குகிறவர் சொன்னால் விற்கிறவர் கேட்பார்.

ஐந்து, உணவுக்கு முன் செபத்தை முணுமுணுத்து முடிக்காமல், தட்டில் இருக்கும் உயிரையும் அதை வளர்த்த கைகளையும் ஒரு கணம் நினைப்போம். வேட்டைக்காரன் இரத்தத்தை மண்ணால் மூடினானே, அதற்கு ஈடாக நம்மால் முடிந்த மரியாதை அது.

இறுதியாக ஒன்று. எருசலேமை எண்ணி அழுத ஆண்டவர், தம் அன்புக்கு எதை உவமையாகக் கொண்டார் என்று நினைத்துப் பாருங்கள். சிங்கத்தை அல்ல, கழுகை அல்ல. குஞ்சுகளைத் தன் இறக்கைக்குள் கூட்டிச் சேர்க்கும் கோழியையே சொன்னார் (லூக் 13:34). நம் பாட்டிமார் வீட்டு முற்றத்தில் பார்த்த காட்சி அது. கேட்டவுடன் அவர்களுக்கு விளங்கியது. இன்று முட்டை நகரத்தின் கூண்டில் இருக்கும் கோழி தன் குஞ்சைக் கண்டதில்லை. இறக்கையை விரித்ததும் இல்லை. கோழியை அப்படி ஆக்கிவிட்டு, நம் பிள்ளைகளுக்கு அந்த நற்செய்தியை எப்படி விளக்கப் போகிறோம்?

சிந்திப்போம். சிந்தித்ததில் ஒன்றையாவது இந்த வாரமே தொடங்குவோம்.